கைக்கு ஏற்ற தட்டு

தட்டெறிதல் என்றால் உடல் பலம் உள்ளவர்கள் வெல்லும் போட்டி என்றுதான் நம்மில் பெரும்பாலானோர் நினைக்கிறோம். இல்ல மெய்வல்லுநர் போட்டி நெருங்கும்போது விளையாட்டு அறையில் கைக்கு அகப்படும் தட்டை எடுத்துக்கொண்டு மைதானத்துக்கு ஓடுகிறோம். அது மரத்தாலானதா, பிளாஸ்டிக்கா, அதன் ஓரம் எவ்வளவு பாரம் என்று யாரும் கேட்பதில்லை. ஒரு கிலோகிராம் என்றால் எல்லாம் ஒன்றுதானே என்பது நமது எண்ணம். ஒரே நிறையுள்ள மூன்று தட்டுகள் ஒரே கையிலிருந்து மூன்று விதமாகப் பறக்கும் என்பதைக் கடந்த ஆகஸ்ட் விடுமுறையில் தெல்லிப்பழையில் கண்டேன். அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

வாப்பாவுக்குத் தெல்லிப்பழைக்கு வேலை மாற்றம் கிடைத்ததிலிருந்து என் விடுமுறைகள் அங்கேதான் கழிகின்றன. செம்மண் தோட்டங்களும் பனைகளும் நிறைந்த ஊர் அது. போர்க் காலத்தில் நெடுநாள் ஆளில்லாமல் கிடந்த வளவுகளில் இப்போது வெங்காயமும் புகையிலையும் மரவள்ளியும் நிற்கின்றன. விளையாட்டுச் செய்தி வாசிப்பவர்களுக்குத் தெல்லிப்பழை என்றதும் மகாஜனாக் கல்லூரி நினைவுக்கு வரும். பாவலர் துரையப்பாபிள்ளை 1910இல் தொடங்கிய பாடசாலை அது. அதன் மாணவி ஜெகதீஸ்வரன் அனித்தா கோலூன்றிப் பாய்தலில் இலங்கைச் சாதனையைப் பல தடவை புதுப்பித்தவர். கிராமத்துப் பிள்ளை ஒருத்தி நாட்டின் சாதனையைத் தன் பெயருக்கு மாற்றிக்கொண்ட ஊர் என்பதால், அங்கே மாலை நேரத்தில் பெண் பிள்ளைகள் மைதானத்தில் நிற்பதை யாரும் வேடிக்கை பார்ப்பதில்லை.

நாங்கள் வாடகைக்கு இருக்கும் வீட்டுக்கு அருகில் ஒரு விளையாட்டு மைதானம் இருக்கிறது. ஓய்வு பெற்ற உடற்கல்வி ஆசிரியர் ஒருவர் அங்கே பிள்ளைகளுக்கு எறிதல் பழக்குகிறார். உம்மாவும் நானும் போய்க் கேட்டபோது, “வரட்டும், என்ர பிள்ளையளோட நிண்டு எறியட்டும்” என்று ஒரே சொல்லில் சேர்த்துக்கொண்டார். அஸர் தொழுகை முடிந்ததும் போய், மஃரிபுக்கு முன் வீடு திரும்புவேன். உம்மா ஒரு வேப்பமர நிழலில் இருந்து பார்த்துக்கொண்டிருப்பார்.

எனக்குச் சொந்தமாக ஒரு தட்டு வாங்க வேண்டும் என்ற பேச்சு வந்தபோதுதான் கேள்வி தொடங்கியது. விலைப்பட்டியலில் ஒரே ஒரு கிலோகிராம் தட்டுக்குப் பல விலைகள் இருந்தன. மிக மலிவானதற்கும் மிக உயர்ந்ததற்கும் இடையில் பல மடங்கு வித்தியாசம். வாப்பா பட்டியலை மேலிருந்து கீழாக ஒரு தரம் பார்த்துவிட்டுச் சொன்னார்: “விலை கூடினதுதான் நல்லதெண்டா வாங்கித் தாறன் மகள். ஆனா அது ஏன் நல்லதெண்டு நீ எனக்கு விளங்கப்படுத்தணும்.”

பௌதிகவியல் படிக்கும் பிள்ளையிடம் கேட்கக்கூடிய நியாயமான கேள்வி அது. என் ரியூசன் கட்டணமும் தம்பியின் பாடசாலைச் செலவும் போகும் அதே சம்பளத்திலிருந்துதான் இந்தப் பணமும் வர வேண்டும் என்பது எனக்குத் தெரியும். ஆகவே கேள்விக்குச் சரியான விடை தேடுவது என்று முடிவெடுத்தேன்.

முதலில் தட்டின் அளவுகள். பெண்கள் எறியும் தட்டின் நிறை 1 கிலோகிராம். விட்டம் 180 முதல் 182 மில்லிமீற்றர். நடுவில் தடிப்பு 37 முதல் 39 மில்லிமீற்றர். ஆண்களின் தட்டு 2 கிலோகிராம், விட்டம் 219 முதல் 221 மில்லிமீற்றர். இரு பாலாருக்கும் எறியும் வட்டம் ஒன்றுதான், 2.50 மீற்றர் விட்டம். பெண்களுக்கான உலக சாதனையை 1988ஆம் ஆண்டு கிழக்கு ஜேர்மனியின் கப்ரியேலே ரைன்ஷ் நிலைநாட்டினார். தூரம் 76.80 மீற்றர். லிதுவேனியாவின் மிகோலாஸ் அலெக்னா 2025இல் எறிந்த ஆண்களுக்கான சாதனைத் தூரம் 75.56 மீற்றர். தட்டின் நிறை பாதி என்றாலும் பெண்களின் சாதனைத் தூரம்தான் பெரியது. இதை வாசித்த அன்றே தூரத்தை நிர்ணயிப்பது பலம் மட்டுமல்ல என்று எனக்குத் தோன்றியது.

தட்டு வெளியே பார்க்க ஒரே உருவம்தான். உள்ளே இரண்டு பகுதிகள் உண்டு. ஒன்று சுற்றியுள்ள உலோக ஓரம். மற்றையது நடுப்பகுதியை மூடும் இரு பக்கத் தகடுகள். பழைய தட்டுகளில் நடுப்பகுதி மரம். பிறகு பிளாஸ்டிக் வந்தது, கண்ணாடி நார் வந்தது, இப்போது காபன் நார் வந்திருக்கிறது. முழுவதும் றப்பரால் செய்த தட்டுகள் ஆரம்பப் பிள்ளைகளுக்கானவை.

நடுப்பகுதியை ஏன் மரத்திலிருந்து பிளாஸ்டிக்குக்கும் காபன் நாருக்கும் மாற்றினார்கள்? அவை வழுக்கிக்கொண்டு பறக்கும் என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். காரணம் அதுவல்ல. மொத்த நிறை 1 கிலோகிராமைத் தாண்டி ஏற்றுவதில் பயனில்லை, குறையவும் கூடாது. நடுப்பகுதியை இலேசான, உறுதியான பொருளால் செய்தால் மிச்சமாகும் நிறையை ஓரத்து உலோகத்துக்குக் கொடுக்கலாம். தட்டு எதனால் செய்யப்பட்டது என்ற கேள்வி உண்மையில் அதன் பாரம் எங்கே இருக்கிறது என்ற கேள்விதான். விலைப்பட்டியல்களில் 70 வீதம், 80 வீதம், 90 வீதம் என்று ஓரத்தின் பங்கைக் குறித்திருப்பது இதனால்தான். வீதம் கூடக் கூட விலையும் கூடுகிறது.

உயர்தரத்தில் சுழற்சி இயக்கம் படித்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. மற்றச் சகோதரிகளுக்காகச் சிறிது சொல்கிறேன். நேர்கோட்டில் ஒரு பொருளை நகர்த்தும்போது அதன் திணிவு எமக்குத் தடையாக இருக்கிறது. சுழற்றும்போது திணிவு மட்டுமல்ல, அந்தத் திணிவு மையத்திலிருந்து எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதும் தடையாகிறது. அதைத்தான் சடத்துவத் திருப்பம் என்கிறோம். முழுத் திணிவும் விளிம்பிலேயே இருக்கும் ஒரு வளையத்தின் சடத்துவத் திருப்பத்தை 100 என்று வைத்துக்கொள்வோம். அதே திணிவும் அதே ஆரையும் உள்ள, எங்கும் ஒரே சீரான தட்டுக்கு அது 50தான். திணிவின் 70 வீதம் ஓரத்திலும் மிச்சம் சீராகவும் இருந்தால் 85. 90 வீதம் ஓரத்தில் இருந்தால் 95. இது கொப்பியில் போட்ட எளிய கணக்கு. உண்மைத் தட்டின் வடிவம் இதைவிடச் சிக்கலானது; ஆனாலும் விடயம் விளங்கும். 70 வீதத் தட்டைவிட 90 வீதத் தட்டைச் சுழற்றுவது ஏறக்குறைய 12 வீதம் கடினம்.

கடினம் என்றால் அதை ஏன் விரும்ப வேண்டும்? சுழலத் தொடங்குவது கடினமான பொருள், சுழன்றுகொண்டிருக்கும்போது தன் நிலையை மாற்றிக்கொள்வதும் கடினம். பம்பரம் சுழலும்வரை நிமிர்ந்து நிற்கிறது. சுழற்சி குறைந்ததும் தள்ளாடி விழுகிறது. தட்டும் அப்படித்தான். வலக்கைக்காரர் எறியும் தட்டு மேலிருந்து பார்த்தால் மணிக்கூட்டுத் திசையில் சுழலும். கடைசியாக அதைத் தொட்டு அனுப்புவது சுட்டுவிரல். நல்ல சுழற்சியுடன் போகும் தட்டு காற்றில் படுத்தபடி மிதந்து போகும். சுழற்சி போதாவிட்டால் தள்ளாடும், காற்றின் தடை கூடும், இடப்பக்கம் சரிந்து விரைவில் விழும். ஓரம் பாரமான தட்டு நன்றாகச் சுழன்றுவிட்டால் நெடுந்தூரம் நிலை குலையாது. ஆனால் அந்தச் சுழற்சியைக் கொடுக்க வேண்டியவை நமது விரல்கள். தட்டு கையை விட்டுப் போகும் அந்தக் கணப்பொழுதுக்குள் கொடுத்தாக வேண்டும். வேகமான கைக்கு அது உதவி செய்யும். வேகம் போதாத கையில் அது வெறும் பாரம்.

இதே கேள்வியை இன்னொரு விளையாட்டிலும் கண்டேன். அவுஸ்திரேலியாவில் இருக்கும் மாமா பெருநாளைக்கு வந்தபோது தம்பிக்கு இரண்டு பிளாஸ்டிக் தட்டுகள் கொண்டுவந்தார். கடற்கரையில் வீசி விளையாடும் தட்டுகள் என்றுதான் முதலில் நினைத்தோம். அவை டிஸ்க் கோல்ப் விளையாட்டுத் தட்டுகள். கோல்பில் பந்தைக் குழிக்குள் விழுத்துவது போல, இதில் தட்டைச் சங்கிலிகள் தொங்கும் ஒரு கூடைக்குள் விழுத்த வேண்டும். எத்தனை எறியில் விழுத்துகிறோம் என்பதுதான் புள்ளி. ஐக்கிய அமெரிக்காவில் 1970களில் வளர்ந்த விளையாட்டு இது. அதன் தொழில்முறைச் சங்கம் 1976இல் தொடங்கியது.

அந்தத் தட்டுகள் தட்டெறிதல் தட்டைவிட மிகவும் இலேசானவை. ஒரு சென்ரிமீற்றர் விட்டத்துக்கு 8.3 கிராமுக்கு மேல் போகக்கூடாது என்பது அவர்களின் விதி. 21.1 சென்ரிமீற்றர் விட்டமுள்ள தட்டென்றால் 175 கிராம் வரைதான் போகலாம். நெடுந்தூரம் எறிவதற்கான தட்டை டிரைவர் என்கிறார்கள். அதன் ஓரம் அகலமாகவும் கூராகவும் இருக்கும். மாமா கொண்டுவந்த இரண்டும் டிரைவர்கள்தான். ஒன்று 175 கிராம், கண்ணாடி போன்ற கடினமான பிளாஸ்டிக். மற்றையது 150 கிராம், சற்று மென்மையான, கையில் பிடிபடும் பிளாஸ்டிக்.

கடினமான தட்டின் முகத்தில் நான்கு எண்கள் இருந்தன: 12, 5, -1, 3. மாமா அவற்றை விளக்கினார். முதலாவது, தட்டு ஒழுங்காகப் பறப்பதற்கு எவ்வளவு வேகம் வேண்டும் என்பது. இரண்டாவது, எவ்வளவு நேரம் மிதக்கும் என்பது. மூன்றாவது, வேகமாகப் போகும்போது வலப்பக்கம் எவ்வளவு திரும்பும் என்பது. நான்காவது, வேகம் தணிந்ததும் இடப்பக்கம் எவ்வளவு சரியும் என்பது. வலக்கைக்காரர் புறங்கைப் பக்கமாக வீசும்போது இப்படி. இடக்கைக்காரருக்குத் திசைகள் மாறும்.

பதினொரு வயதுத் தம்பி கடினமான தட்டை விரும்பி எடுத்தான். அது பளபளப்பாக இருந்தது. அவன் வீசிய ஒவ்வொரு தடவையும் அது சிறிது தூரம் போய் இடப்பக்கம் வளைந்து வேலிக்குள் விழுந்தது. 150 கிராம் தட்டோ நேராக மிதந்து போய் மைதானத்தின் நடுவில் இறங்கியது. மாமா வீசியபோது கதை மாறியது. 175 கிராம் தட்டு முதலில் சற்று வலப்பக்கம் போய், பிறகு இடப்பக்கம் வந்து, மிகத் தொலைவில் விழுந்தது. இலேசான தட்டு அவர் கையில் வலப்பக்கமாகப் புரண்டு தரையில் உருண்டது. தட்டில் எழுதியிருந்த எண்கள் அந்த வேகம் உள்ள கைக்கே பொருந்தும். வேகம் வராத கையில் தட்டு கடைசி எண்ணை மட்டுமே காட்டுகிறது; உடனே இடப்பக்கம் சரிகிறது.

பிளாஸ்டிக்கின் தரம் பற்றியும் மாமா சொன்னார். மலிவான பிளாஸ்டிக் கையில் நன்றாகப் பிடிபடும். ஆனால் மரத்திலும் கல்லிலும் பட்டுப்பட்டு ஓரம் தேய்ந்து, நாளடைவில் வலப்பக்கம் கூடுதலாகத் திரும்பத் தொடங்கும். விலை கூடிய பிளாஸ்டிக் தன் உருவத்தை நெடுநாள் வைத்திருக்கும். அங்கே ஆரம்பக்காரர்கள் முதலில் இலேசான, வேக எண் குறைந்த தட்டுகளையே வாங்குவார்களாம். கை வளர்ந்த பிறகு அடுத்த தட்டுக்குப் போவார்களாம். வாப்பாவும் பக்கத்தில் இருந்து இதைக் கேட்டுக்கொண்டிருந்தார். “அப்ப உன்ட தட்டுக்கும் இதே கணக்குத்தானா?” என்று என்னைக் கேட்டார். “பார்த்துத்தான் சொல்ல வேணும் வாப்பா” என்றேன்.

பார்ப்பதற்கு முன் காற்றைக் கணக்கில் எடுக்க வேண்டியிருந்தது. யாழ்ப்பாணத்தில் ஆகஸ்ட் என்றால் சோழகக் காற்று. தென்மேற்கிலிருந்து நாள் முழுக்க வீசும். பனையோலைகள் ஒரே பக்கம் சாய்ந்து இரைந்துகொண்டிருக்கும். மார்கழி, தையில் வாடை வரும். தைப்பொங்கலுக்கு வல்வெட்டித்துறைக் கடற்கரையில் பெரிய பெரிய பட்டங்கள் ஏறுவது அந்தக் காற்றில்தான். காற்று முதுகுப் பக்கமிருந்து வந்தால் தட்டை அது தள்ளிக்கொண்டு போகும் என்றுதான் யாருக்கும் தோன்றும். உண்மை மறுபக்கம். பட்டம் எதிர்க்காற்றில் ஏறுவது போலத் தட்டும் அளவான எதிர்க்காற்றில்தான் கூடுதல் தூரம் போகும். எதிரே வரும் காற்று தட்டின் கீழ்ப்பக்கத்தைத் தாங்கிப் பிடிக்கிறது. வலக்கைக்காரருக்கு முன்னே வலப்பக்கத்திலிருந்து வரும் காற்று மிகவும் நல்லது. அலெக்னா சாதனை படைத்த ரமோனா என்ற இடம் அமெரிக்காவின் ஒக்லஹோமா மாநிலத்தில், காற்றுக்குப் பெயர்போன வெட்டவெளியில் இருக்கிறது. ஓட்டப் போட்டிகளில் காற்றின் வேகத்துக்கு எல்லை உண்டு, தட்டெறிதலில் இல்லை. ஆனால் எதிர்க்காற்றில் தட்டின் முன் ஓரத்தை மேலே தூக்கி எறிந்தால் அது நிமிர்ந்து நின்று, பின்னோக்கிச் சரிந்து விழும். காற்று கூடினால் ஓரத்தைத் தாழ்த்த வேண்டும் என்று சேர் ஒவ்வொரு நாளும் சொல்வார்.

இனி என் பரிசோதனை. சேரிடம் மர நடுப்பகுதி கொண்ட பழைய தட்டு ஒன்று இருந்தது. ஓரம் சுமார் 70 வீதம். பிளாஸ்டிக் பக்கங்கள் உள்ள இன்னொன்று 80 வீதம். மாகாண மட்டத்தில் எறியும் ஓர் அக்காவிடம் 90 வீதத்தை நெருங்கும் காபன் நார்த் தட்டு இருந்தது. அவர் முகம் சுழிக்காமல் தந்தார். “கல்லில பட விடாதையும்” என்று மட்டும் சொன்னார். தெல்லிப்பழையின் செம்மண்ணுக்குள் சுண்ணாம்புக் கற்கள் ஒளிந்திருக்கும். உலோக ஓரத்தில் அவை பட்டால் கீறல் விழும். ஆகவே விழும் இடத்தைத் தம்பியும் நானும் முதலில் துப்புரவாக்கினோம்.

முதலில் மூன்றையும் பலசரக்குக் கடையின் இலத்திரனியல் தராசில் நிறுத்தோம். மரத்தட்டு 1 கிலோகிராமுக்குச் சில கிராம் குறைவாக இருந்தது. ஓரத்தில் தேய்வும் மரத்தில் சிறு வெடிப்பும் காரணம். பயிற்சிக்குப் பரவாயில்லை, போட்டியில் நடுவர்கள் நிறுத்துப் பார்த்து ஏற்க மாட்டார்கள். நமது பாடசாலைகளின் அறைகளில் கிடக்கும் தட்டுகளையும் போட்டிக்கு ஒரு மாதம் முன்னரே நிறுத்துப் பார்ப்பது நல்லது.

ஐந்து மாலைகள் எறிந்தேன். ஒரு நாளைக்கு ஒவ்வொரு தட்டாலும் நான்கு எறிகள். களைப்பு ஒரே தட்டின் மேல் விழாதபடி, எந்தத் தட்டு முதலில் என்பதை நாளுக்கு நாள் மாற்றினேன். செம்மண்ணில் தட்டு விழுந்த தடம் தெளிவாகத் தெரியும். தம்பி அதில் ஈர்க்கு நட்டான். உம்மா மரநிழலில் இருந்து கொப்பியில் எண்களை எழுதினார். மைதானத்தில் வெறுமனே இருக்க அலுப்பாக இருக்கிறது என்று அவரே கேட்டு வாங்கிய வேலை அது.

மரத்தட்டு பெரும்பாலும் 24 மீற்றரைச் சுற்றி விழுந்தது. பிளாஸ்டிக் தட்டு 25 மீற்றரைச் சுற்றி. காபன் நார்த் தட்டு பல தடவை 22 மீற்றரையும் தாண்டவில்லை; தள்ளாடியபடி இடப்பக்கம் சரிந்தது. ஆனால் மூன்றாம் நாள் ஒரு எறி மட்டும் விரலில் சரியாக உருண்டு, சத்தமில்லாமல் வழுக்கிக்கொண்டு போய் 27 மீற்றரைத் தாண்டி விழுந்தது. ஐந்து நாளிலும் மிகத் தூரம் போன எறி அதுதான்.

அந்த ஒரு எறி என்னை இரண்டு இரவுகள் நித்திரை கொள்ள விடவில்லை. அந்தத் தட்டை வாங்கினால் என்ன? ஒரு தடவை போனது இன்னும் பல தடவை போகாதா? அதே மாலையில் அக்கா மூன்று தட்டுகளையும் எறிந்து காட்டியிருந்தார். அவருடைய எறிகள் மூன்றும் முறையே கூடிக்கொண்டே போயின. காபன் நார்த் தட்டுத்தான் எப்போதும் முன்னே விழுந்தது. அவரது கையில் அது சொல்வழி கேட்டது.

சேரிடம் கொப்பியைக் காட்டினேன். அவர் 27 என்ற எண்ணைப் பார்க்கவில்லை. மற்ற எண்களைப் பார்த்தார். “போட்டியில உமக்கு முதலில மூண்டு எறிதான். அந்த மூண்டுக்குள்ள நல்ல தூரம் ஒண்டு விழ வேணும். எட்டுப் பேருக்குள்ள வந்தால்தான் இன்னும் மூண்டு. இருபதில ஒண்டு போற தட்டை நம்பி வட்டத்துக்குள்ள இறங்கலாமோ? இப்ப இந்த எண்பதை எறியும். அது ஒவ்வொரு நாளும் நேராப் போகேக்க மற்றதுக்குப் போவம்” என்றார். கோலூன்றிப் பாய்பவர்களின் கோலையும் உதாரணம் காட்டினார். ஒவ்வொரு கோலிலும் அது எவ்வளவு நிறையுள்ளவருக்கு என்று எழுதியிருக்கும். பாய்பவரின் நிறைக்கும் வேகத்துக்கும் மிஞ்சிய விறைப்பான கோல் வளையாது. ஆளைத் தூக்கவும் மாட்டாது. தேர்ந்த வீராங்கனைகள்கூடக் கோலைக் கட்டம் கட்டமாகத்தான் மாற்றுகிறார்கள்.

அன்றிரவு வாப்பாவுக்கு முன்னால் கொப்பியை வைத்து விளக்கினேன். 50, 85, 95 என்ற கணக்கையும் சொன்னேன்; தம்பியின் கையிலிருந்து வேலிக்குள் போன தட்டையும் நினைவூட்டினேன். விலை கூடியது மோசமான தட்டு அல்ல, அது இன்னும் வேகமான ஒரு கைக்காகச் செய்யப்பட்டது, என் கை அந்த வேகத்துக்கு வர ஒன்றோ இரண்டோ வருடம் எடுக்கலாம் என்றேன். வாப்பா கொஞ்ச நேரம் எண்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். “இருபத்தேழு போனது உனக்கு ஆசையா இல்லையா?” என்று கேட்டார். “ஆசைதான் வாப்பா” என்றேன். “ஆசை இருக்கட்டும். எண்பதை வாங்குவம்” என்றார். வாங்கினோம்.

உம்மாவின் கவலை வேறு. பரீட்சை கிட்ட வருகிறது, வெயில், பிள்ளை எறிவதை நாலு பேர் பார்க்கிறார்கள் என்பவை அவர் மனதில் இருந்தன. இவற்றை வாசிக்கும் பெற்றோர் பலரின் மனதிலும் இருக்கலாம். அவற்றைச் சிறிய கவலைகள் என்று நான் சொல்ல மாட்டேன். உடையைப் பற்றிச் சொல்வதென்றால், நீளக் கையும் பர்தாவும் தட்டெறிதலுக்குத் தடையாக இருக்கவில்லை. இரண்டு விடயங்களை மட்டும் கவனித்தேன். சுழலும்போது பர்தாவின் நுனி முகத்தில் அடிக்காதபடி உள்ளே செருகிக் கட்ட வேண்டும். எறியும் கையின் சட்டை மணிக்கட்டில் இறுக்கமாக இருக்க வேண்டும்; தொளதொளவென்று இருந்தால் விரலுக்கும் தட்டுக்கும் இடையில் வரும். 2006ஆம் ஆண்டு தோஹா ஆசிய விளையாட்டுப் போட்டியில் பஹ்ரைனின் ருகையா அல் கஸ்ரா தலையை மூடிய உடையுடனேயே 200 மீற்றர் ஓட்டத்தில் தங்கம் வென்றார். அதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன் அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் நபி (ஸல்) அவர்களுடன் ஓட்டப் போட்டி வைத்த வரலாற்றை நாம் எல்லோரும் இஸ்லாம் பாடத்தில் படித்திருக்கிறோம்.

தட்டெறிதல் பெண்களுக்குப் பிந்திக் கிடைத்த விளையாட்டும் அல்ல. ஒலிம்பிக்கில் பெண்களுக்கு மெய்வல்லுநர் போட்டிகள் முதன்முதலாக 1928இல் அம்ஸ்டர்டாமில் நடந்தன. அவை ஐந்தே ஐந்து. அந்த ஐந்தில் ஒன்று தட்டெறிதல். போலந்தின் ஹலினா கொனோபாட்ஸ்கா 39.62 மீற்றர் எறிந்து வென்றார்.

படிப்பைப் பற்றி உம்மாவுக்கு நான் வாயால் பதில் சொல்லவில்லை. சடத்துவத் திருப்பம், கோண உந்தம் ஆகிய பாடங்களின் வினாக்களை அந்த விடுமுறையில் அவருக்கு முன்னால் இருந்தே செய்தேன். நாளைக்கு ஒன்றரை மணித்தியாலம் மைதானத்துக்கு, மற்ற நேரம் மேசைக்கு என்ற ஒப்பந்தம் எங்களுக்குள் இருக்கிறது. இப்போதும் நடக்கிறது.

தட்டு வாங்க நினைக்கும் சகோதரிகளுக்கும் பெற்றோருக்கும் நான் கண்டதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். முதல் வருடம் எறியும் பிள்ளைக்கு றப்பர்த் தட்டோ ஓரம் 70 வீதத் தட்டோ போதும். தட்டு பெரும்பாலும் தள்ளாடாமல் பறக்கத் தொடங்கினால் 80 வீதத்துக்குப் போகலாம். அதற்கு மேலே போக வேண்டுமா என்பதைக் கடைக்காரரிடமோ விலைப்பட்டியலிடமோ கேட்க வேண்டாம். யாரிடமாவது ஒரு தட்டை இரவல் வாங்கிப் பல நாள் எறிந்து, எல்லா எறிகளையும் எழுதி வைத்துப் பாருங்கள். மிகத் தூரம் போன ஒன்றை மட்டும் பார்த்து முடிவெடுக்காதீர்கள். வாங்கும்போது நிறையையும் விட்டத்தையும் அளந்து வாங்குங்கள். ஓரத்தில் விரல் மடிப்பை வைத்துப் பிடித்துப் பாருங்கள். உங்கள் கைக்குத் தட்டு பெரிதாகத் தோன்றினால் அதைச் சுழற்றுவது இன்னும் கடினமாகும். பாவித்த பின் மண்ணைத் துடைத்து, ஈரமில்லாத இடத்தில் வையுங்கள்.

கல்லூரிக்கு வாங்குவதென்றால் ஒரே விலையுயர்ந்த தட்டைவிட வெவ்வேறு ஓரப் பாரமுள்ள இரண்டு மூன்று தட்டுகள் கூடுதல் பிள்ளைகளுக்குப் பயன்படும். ஆறாம் வகுப்புப் பிள்ளையும் உயர்தரப் பிள்ளையும் ஒரே தட்டை எறிய வேண்டிய நிலை இருந்தால், சின்னவளின் தட்டு இடப்பக்கம் சரிந்து விழும். தன்னால் முடியாது என்று அவள் நினைத்துவிடுவாள். அவளது கையில் குறை இல்லை. அந்தக் கைக்கு ஏற்ற தட்டு அறையில் இல்லை.

என் தட்டு இப்போது என் மேசைக்குக் கீழே, பழைய துவாய் ஒன்றில் சுற்றியபடி இருக்கிறது. அண்மையில் பத்து எறிகளில் எட்டு தள்ளாடாமல் போகின்றன. உயர்தரப் பரீட்சை முடிந்த பின், அக்காவின் தட்டை இன்னொரு தரம் இரவல் கேட்பதாக இருக்கிறேன். அது என் கையிலும் சொல்வழி கேட்டால், இன்ஷா அல்லாஹ், இந்த எண்பதைக் கல்லூரி விளையாட்டு அறைக்குக் கொடுத்துவிடுவேன். அதற்கு ஏற்ற கை ஒன்று அங்கே நிச்சயம் இருக்கும்.